மூன்றாவது தடவை பிடிபட்ட பையன்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நியூஜெர்சியிலிருந்து கல்லூரி நண்பன் கூப்பிட்டான். வாசலில் நிறுத்தியிருந்த காரைக் காணோம். சாவியை வண்டிக்குள்ளேயே விட்டுவிட்டு வந்தது இவன் தப்பு, அதை அவனே ஒத்துக்கொள்கிறான். ரெண்டு நாள் கழித்து பக்கத்து ஊரில் போலீஸ் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறது, முன்பக்கம் நசுங்கிப்போய். ஓட்டிக்கொண்டு போனவனுக்கு வயது 16.

"விசாரிக்க வந்த ஆபீசரே சொல்றார்டா, இவன் புதுசு இல்ல, மூணாவது தடவைன்னு. பிடிக்கிறாங்க, சிறார் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்க, வீட்டுக்கு அனுப்பிடறாங்க. அடுத்த மாசம் அடுத்த தெருவுல கைய வைக்கிறான். இவனப் போய் இன்னும் குழந்தைன்னு சொன்னா எப்படி மச்சான்? மூணாவது தடவைன்னா பெரியவங்க கோர்ட்லதான் நிறுத்தணும். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்னு சும்மாவா சொன்னாங்க?"

அன்று நான் பெரிதாக எதுவும் சொல்லவில்லை. கார் போன ஆளிடம் புள்ளிவிவரம் பேசினால் அடிக்க வருவான். ஆனால் அவன் கேட்டது மனதில் நின்றுவிட்டது. ஏனென்றால் ஒரு காலத்தில் நானும் அந்தக் கட்சிதான். 2015 டிசம்பரில் நம் நாட்டில் சிறார் நீதிச் சட்டம் மாறி, 16 முதல் 18 வயது வரையிலானவர்களைக் கொடிய குற்றங்களில் பெரியவர்களைப் போல விசாரிக்க வழி வந்தபோது, 'சரியாத்தான் செஞ்சிருக்காங்க' என்று நண்பர்களிடம் வாதாடியவன் நான். நம் சட்டம் குற்றத்தின் தன்மையைப் பார்த்துத்தான் பையனை மாற்றி அனுப்புகிறது, எத்தனையாவது தடவை என்று எண்ணி அல்ல. அந்த எண்ணிக்கையையும் சேர்க்க வேண்டும் என்பவர்கள் அடிக்கடி காட்டும் முன்னுதாரணம் அமெரிக்கா. அதனால் அமெரிக்கக் கதையையே எடுத்துப் பார்த்தேன். அந்த வாசிப்பின் குறிப்புகள்தான் இது.

எதிர்த்தரப்பின் வாதம், அதன் வலுவான வடிவில்

எதிராளியின் வாதத்தை நோஞ்சானாக்கி அடித்துப்போடுவது சுலபம். அதனால் முதலில் அதை நன்றாக நிமிர்த்தி நிறுத்திவிடுகிறேன். நண்பன் சொன்னதில் மூன்று வாதங்கள் இருக்கின்றன.

ஒன்று, தகுதி வாதம். சிறார் நீதிமன்றம் என்ற ஏற்பாடே 'இவன் இன்னும் விவரம் தெரியாத பருவத்தில் இருக்கிறான், திருத்தலாம்' என்ற நம்பிக்கையில் நிற்கிறது. முதல் தடவை அந்த நம்பிக்கை நியாயம். மூன்றாவது தடவையும் அதே என்றால், விவரம் தெரியவில்லை என்று சொல்ல முடியாது. வாய்ப்பு கொடுத்தாயிற்று, அவன் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

இரண்டு, பாதுகாப்பு வாதம். ஊரில் நடக்கும் குற்றங்களில் பெரும்பகுதியைச் செய்வது ஒரு சின்னக் கூட்டம். அந்தக் கூட்டத்தைத் தனியாகப் பிரித்து நீண்ட காலம் உள்ளே வைத்தால் ஊர் நிம்மதியாக இருக்கும்.

மூன்று, பயம். பெரியவர்கள் கோர்ட், பெரியவர்கள் தண்டனை என்று தெரிந்தால் கை நடுங்கும்.

மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மூன்றுக்கும் பதில் வேறுவேறு. இரண்டாவது வாதத்தில் உண்மை இருக்கிறது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

'திரும்பத் திரும்ப' என்றால் என்ன?

அமெரிக்காவில் முதல் சிறார் நீதிமன்றம் 1899இல் சிகாகோ நகரம் இருக்கும் குக் கவுண்டியில் வந்தது. அதன் பிறகு அந்த நீதிமன்றங்களின் போக்கை மாற்றிய வழக்குகளை வரிசையாகப் படித்துக்கொண்டு வந்தபோது, நான் எதிர்பார்க்காத ஒன்று கண்ணில் பட்டது. முக்கியமான வழக்குகளில் நிற்கும் பையன்கள் பலரும் 'பழைய ஆட்கள்'தான். நான்கு பேரைச் சொல்கிறேன்.

முதலாவது மோரிஸ் கென்ட். வாஷிங்டன் நகரம். 14 வயதில், 1959இல், வீடு புகுந்து திருடியதற்காகவும் கைப்பையைப் பறிக்கப் பார்த்ததற்காகவும் பிடிபட்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் விடப்பட்டவன். 1961இல் ஒரு பெண்ணின் வீட்டில் புகுந்து பணப்பையைத் திருடி அவரைப் பாலியல் வன்கொடுமை செய்ததாக வழக்கு. 14 வயதில் எடுத்துவைத்த கைரேகைதான் இவனைக் காட்டிக்கொடுத்தது. சிறார் நீதிபதி ஒரு விசாரணையும் நடத்தாமல், காரணமும் எழுதாமல், இவனைப் பெரியவர்கள் கோர்ட்டுக்குத் தள்ளிவிட்டார். அங்கே திருட்டுக் குற்றங்களுக்குக் கிடைத்தது 30 முதல் 90 வருடம். 1966இல் உச்ச நீதிமன்றம், இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றி அனுப்பக் கூடாது, விசாரணை வேண்டும், வக்கீல் வேண்டும், காரணம் எழுத வேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பின் பின்னிணைப்பில் எட்டு அளவுகோல்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று பையனின் பழைய பதிவு. பின்னால் வந்த பல மாநிலச் சட்டங்களில் அந்தப் பட்டியலின் சாயலைப் பார்க்கலாம்.

இரண்டாவது ஜெரால்ட் கால்ட். அரிசோனா, 1964, வயது 15. பக்கத்து வீட்டுப் பெண்மணிக்குப் போன் செய்து ஆபாசமாகப் பேசியதாகப் புகார். இவனும் ஏற்கெனவே கண்காணிப்பில் இருந்தவன். எதற்காக? ஒரு பெண்ணின் பையிலிருந்து பர்ஸைத் திருடிய இன்னொரு பையனோடு கூட இருந்ததற்காக. நீதிபதி இவனைத் 'தொடர்ந்து ஒழுக்கக்கேட்டில் ஈடுபடுகிறவன்' என்ற வகையில் சேர்த்தார். அதற்கு ஆதாரம், ரெண்டு வருடம் முன்பு ஒரு பேஸ்பால் கையுறையைத் திருடினான் என்று வந்த புகார். அந்தப் புகாரில் விசாரணையே நடக்கவில்லை, ஏனென்றால் போதுமான அடிப்படை இல்லை. அது போக, முன்பும் விளையாட்டாகச் சிலருக்குப் போன் செய்திருக்கிறேன் என்று அவனே சொன்னது. புகார் கொடுத்த பெண்மணி கோர்ட்டுக்கு வரவே இல்லை. தீர்ப்பு: 21 வயது வரை சீர்திருத்தப் பள்ளி. அதாவது ஆறு வருடம். இதே குற்றத்தைப் பெரியவர் ஒருவர் செய்திருந்தால் 5 முதல் 50 டாலர் அபராதம், அல்லது அதிகபட்சம் ரெண்டு மாதம் ஜெயில். 1967இல் உச்ச நீதிமன்றம் இதை ரத்து செய்து, சிறார்களுக்கும் வக்கீல் உரிமை, குறுக்கு விசாரணை உரிமை எல்லாம் உண்டு என்றது.

மூன்றாவது வில்லி பாஸ்கெட். நியூயார்க். 1978 மார்ச்சில், 15 வயதில், சுரங்க ரயிலில் எட்டு நாள் இடைவெளியில் ரெண்டு பேரைச் சுட்டுக் கொன்றவன். அதற்கு முன் இவன் மேல் நீளமான பட்டியல் இருந்தது. அன்றைய சட்டப்படி சிறார் நீதிமன்றம் கொடுக்க முடிந்தது அதிகபட்சம் ஐந்து வருடம். ஊர் கொதித்தது. அது தேர்தல் வருடம். கவர்னர் ஹியூ கேரி சில மாதங்களிலேயே புதுச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார்: கொலை என்றால் 13 வயதுப் பையனும், வேறு சில வன்முறைக் குற்றங்களுக்கு 14, 15 வயதுப் பையனும் நேராகப் பெரியவர்கள் கோர்ட்டுக்கு.

நான்காவது டெரன்ஸ் கிரஹாம். ஃப்ளோரிடா, 2003, வயது 16. ஓர் உணவகத்தில் கொள்ளை முயற்சி. இவனை அரசு வழக்கறிஞர் முதல் தடவையிலேயே பெரியவர்கள் கோர்ட்டில் நிறுத்தினார். ஃப்ளோரிடாவில் அந்த முடிவுக்கு நீதிபதியின் அனுமதிகூடத் தேவையில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டான். கண்காணிப்பு, அதில் ஒரு வருடம் ஜெயில். வெளியே வந்து ஆறு மாதத்துக்குள், 18 வயது ஆக 34 நாள் பாக்கி இருக்கும்போது, ஒரு வீட்டில் ஆயுதத்தோடு புகுந்ததாகப் பிடிபட்டான். இரண்டாவது சம்பவத்துக்குத் தனியாக வழக்கு நடந்து தீர்ப்பு வரவில்லை. கண்காணிப்பு விதியை மீறினான் என்று பழைய வழக்கையே திறந்து தண்டனை கொடுத்தார் நீதிபதி. சிறைத்துறை அறிக்கை சொன்னது அதிகபட்சம் நாலு வருடம். அரசுத் தரப்பு கேட்டது 30 வருடம். நீதிபதி கொடுத்தது ஆயுள். ஃப்ளோரிடாவில் பரோல் இல்லாததால் சாகும்வரை சிறை. 2010இல் உச்ச நீதிமன்றம், கொலை அல்லாத குற்றத்துக்குச் சிறாருக்கு இப்படிப்பட்ட தண்டனை கூடாது என்றது.

இந்த நாலு பேரையும் ஒரே வார்த்தைக்குள் போடுகிறோம்: 'திரும்பத் திரும்பச் செய்கிறவன்'. ஆனால் கால்டின் 'முதல் தடவை' என்பது இன்னொருவன் திருடும்போது பக்கத்தில் நின்றது. பாஸ்கெட்டின் 'அடுத்த தடவை' ரெண்டு உயிர். கிரஹாமின் 'இரண்டாவது தடவை' தனி வழக்காக நிரூபிக்கப்படாதது. எண்ணிக்கை மட்டும் ஒரே மாதிரி இருக்கிறது, எண்ணப்படும் பொருள் வேறுவேறு.

எண்ணிக்கையில் இன்னொரு கோளாறும் உண்டு. அது பையன் செய்ததை எண்ணுவதில்லை. போலீஸ் பார்த்ததை எண்ணுகிறது. கண்காணிப்பில் இருக்கும் பையனை எல்லோரும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். பள்ளிக்கு ஒரு நாள் போகாவிட்டாலும் விதிமீறல். ரோந்து வண்டி தினம் சுற்றும் தெருவில் வளர்பவனுக்கு மூன்று சீக்கிரம் வந்துவிடும். மதில் வைத்த வீடுகள் இருக்கும் தெருவில் அதே சேட்டைகளைச் செய்பவனுக்கு அப்பா வந்து பேசி முடித்துவிடுவார், கணக்கு பூஜ்ஜியத்திலேயே நிற்கும். பெரியவர்கள் கோர்ட்டுக்கு மாற்றப்படும் சிறார்களில் கறுப்பினப் பையன்களின் பங்கு அவர்களின் மக்கள்தொகைப் பங்கைவிட மிக அதிகம் என்பது அமெரிக்காவில் பல காலமாகத் தெரிந்த விஷயம். தகுதி வாதம் தடுமாறுவது இங்கேதான்.

ஜூரி இல்லாமல் வந்த பதிவு

சட்டரீதியாக இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. இதை ஏன் அதிகம் பேர் பேசுவதில்லை என்று தெரியவில்லை.

1971இல் மெக்கீவர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், சிறார் நீதிமன்றத்தில் ஜூரி விசாரணை கேட்கும் அரசியலமைப்பு உரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது. அதன் பின்னால் இருந்த எண்ணம், இந்த நீதிமன்றம் தண்டிக்கும் இடம் அல்ல, திருத்தும் இடம், ஜூரியைக் கொண்டுவந்தால் முழுக்கச் சண்டைக்களமாகிவிடும் என்பது. ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் அதே நீதிமன்றத்தின் பதிவை எடுத்து, பின்னால் பெரியவர்கள் கோர்ட்டில் 'பாருங்கள், இவன் பழைய குற்றவாளி' என்று கனத்த தண்டனைக்குப் பயன்படுத்தினால்? கலிஃபோர்னியாவின் 1994ஆம் வருட 'மூன்று அடி' சட்டத்தில், 16 வயதுக்கு மேல் செய்த சில கடுமையான சிறார் குற்றங்களும் ஓர் 'அடி'யாக எண்ணப்படும். அங்கே ஜூரி இல்லையே, அதை எப்படி எண்ணலாம் என்று கேட்டதற்கு, எண்ணலாம் என்றே 2009இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது.

கொடுக்கும்போது 'இது தண்டனை இல்லப்பா, உன் நல்லதுக்குத்தான்' என்கிறோம். பையனும் வீட்டாரும் அதை நம்பி, பெரிதாக எதிர்த்து வாதாடாமல் ஒப்புக்கொண்டு போய்விடுகிறார்கள். ரெண்டு வருடம் கழித்து அதையே எடுத்துக் காட்டி, 'நீதான் ஒப்புக்கொண்டாயே' என்கிறோம். கையெழுத்து வாங்கும்போது ஒன்று சொல்லி, வசூலிக்கும்போது இன்னொன்று சொல்லும் கந்துவட்டிக்காரனின் வேலை இது.

சின்னக் கூட்டம் உண்மைதான், ஆனால்

இப்போது வலுவான வாதத்துக்கு வருகிறேன். 1972இல் மார்வின் வுல்ஃப்காங், ராபர்ட் ஃபிக்லியோ, தார்ஸ்டன் செல்லின் மூவரும் வெளியிட்ட ஃபிலடெல்ஃபியா ஆய்வைப் பற்றிப் பேசாமல் இந்த விவாதம் நடக்காது. 1945இல் பிறந்து அந்த ஊரில் வளர்ந்த 9,945 பையன்களின் பதிவுகளை எடுத்தார்கள். 18 வயதுக்குள் போலீஸில் ஒரு தடவையாவது சிக்கியவர்கள் 3,475 பேர். அதில் ஐந்து அல்லது அதற்கு மேல் சிக்கியவர்கள் 627 பேர். மொத்தப் பையன்களில் இவர்கள் சுமார் 6 சதவீதம். ஆனால் பதிவான குற்றங்களில் பாதிக்கு மேல், ஏறக்குறைய 52 சதவீதம், இந்த 627 பேரின் கணக்கில்.

இதைப் பார்த்தால் யாருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: அந்த 627 பேரைப் பிடித்துப் போட்டால் பாதிக் குற்றம் குறையுமே! அமெரிக்க அரசியல்வாதிகளுக்கும் அதுதான் தோன்றியது.

ஆனால் இந்த 627 பேரை எப்போது கண்டுபிடித்தோம்? எல்லோருக்கும் 18 வயது முடிந்த பிறகு, பின்னோக்கிப் பார்த்து. மூன்றாவது தடவை ஒரு பையன் நிற்கும்போது, இவன் அந்த 627இல் ஒருவனா, இல்லை இதோடு நிறுத்தப்போகிறவனா என்று அவன் நெற்றியில் எழுதியிருக்காது. அதே ஆய்வு சொல்லும் இன்னொரு எண்ணைப் பாருங்கள்: பிடிபட்ட 3,475 பேரில் 1,613 பேர் ஒரே தடவையோடு சரி. இன்னும் 1,235 பேர் ரெண்டு முதல் நாலு தடவைக்குள் நிறுத்திக்கொண்டார்கள். மூன்று என்று கோடு போட்டால், கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுவது 627 பேர் மட்டுமல்ல, தானாகவே நிறுத்தியிருக்கக்கூடிய பல நூறு பேரும் சேர்ந்துதான்.

அப்படியானால் 'தொட்டில் பழக்கம்' என்ற பழமொழி? வயதுக்கும் குற்றத்துக்கும் உள்ள தொடர்பு, இந்தத் துறையில் பழசானது, திரும்பத் திரும்ப உறுதியானது. பதின்பருவத்தில் மேலே ஏறும் கோடு இருபதுகளில் இறங்கத் தொடங்கிவிடுகிறது. இது சில்லறைத் திருடர்களுக்கு மட்டும் இல்லை. ஃபிலடெல்ஃபியாவிலும் ஃபீனிக்ஸிலும் கடுமையான குற்றம் செய்த 1,354 பேரை ஏழு வருடம் பின்தொடர்ந்த 'பாத்வேஸ்' ஆய்வில், பெரும்பாலோர் காலப்போக்கில் குற்றத்தை வெகுவாகக் குறைத்துக்கொண்டார்கள். தொடர்ந்து அதே வேகத்தில் போனவர்கள் சிறுபான்மை.

1995இல் அரசியல் அறிஞர் ஜான் டிலூலியோ, இரக்கமே இல்லாத ஒரு புதுத் தலைமுறை வரப்போகிறது என்று எழுதி, அவர்களுக்கு ஒரு பயங்கரமான பெயரும் வைத்தார். மாநிலம் மாநிலமாகச் சட்டங்கள் கடுமையாயின. வரப்போகிறது என்ற அந்தப் படை வரவே இல்லை, சிறார் கைதுகள் அதே ஆண்டுகளில்தான் குறையத் தொடங்கின. டிலூலியோ பின்னர் தன் கணிப்பு தவறு என்று ஒத்துக்கொண்டு, 2012இன் மில்லர் வழக்கில் சிறார்கள் தரப்புக்கு ஆதரவாக உச்ச நீதிமன்றத்தில் தாக்கலான மனுவில் கையெழுத்தும் போட்டார். தவறை ஒத்துக்கொண்டதற்கு அவரைப் பாராட்ட வேண்டும். ஆனால் சட்டங்கள் அவ்வளவு சுலபமாகத் தவறை ஒத்துக்கொள்வதில்லை.

மாற்றி அனுப்பினால் என்ன ஆகிறது?

கொள்கை எல்லாம் இருக்கட்டும், வேலை செய்கிறதா என்று கேட்பவர்களுக்கு. எனக்கும் இந்தக் கேள்விதான் முக்கியம்.

நியூயார்க்கின் 1978ஆம் வருடச் சட்டத்தால் குற்றம் குறைந்ததா என்று சைமன் சிங்கரும் டேவிட் மெக்டவலும் 1988இல் பார்த்தார்கள். அளவிடக்கூடிய பயன் எதுவும் தெரியவில்லை. பய வாதத்துக்கு இது ஒரு பதில். 15 வயதுப் பையன் சட்டப் புத்தகத்தைப் புரட்டிவிட்டுக் கார் கண்ணாடியை உடைப்பதில்லை.

ஃப்ளோரிடாவில் டோனா பிஷப்பும் குழுவினரும் 1996இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேரடியானது. பெரியவர்கள் கோர்ட்டுக்குப் போன 2,738 பேரை எடுத்து, ஒவ்வொருவருக்கும் அதே மாதிரிக் குற்றம், அதே மாதிரிப் பழைய பதிவு, அதே வயது உள்ள, சிறார் நீதிமன்றத்திலேயே நிறுத்தப்பட்ட ஒரு ஜோடியைத் தேடிப் பிடித்தார்கள். கவனியுங்கள், பழைய பதிவையும் பொருத்திப் பார்த்தார்கள். மாற்றி அனுப்பப்பட்டவர்களில் 30 சதவீதம் பேர் ஆய்வுக் காலத்துக்குள் மறுபடி பிடிபட்டார்கள், மற்றவர்களில் 19 சதவீதம். இன்னும் சில வருடம் தொடர்ந்து பார்த்தபோது இந்த விகித வித்தியாசம் மறைந்துவிட்டது. ஆனால் மாற்றி அனுப்பப்பட்டவர்களில் மறுபடி பிடிபட்டவர்கள், சீக்கிரமாகவும் அதிக தடவையும் பிடிபட்டார்கள்.

ஜெஃப்ரி ஃபேகன் செய்தது என் நண்பன் வீட்டுக்குப் பக்கத்துக் கதை. ஆற்றுக்கு இந்தப் பக்கம் நியூயார்க், அந்தப் பக்கம் நியூஜெர்சி. ஒரே மாதிரி ஏழ்மை, ஒரே மாதிரிக் குற்றம். 15, 16 வயதுப் பையன்கள் இங்கே பெரியவர்கள் கோர்ட்டில், அங்கே சிறார் கோர்ட்டில். வழிப்பறி வழக்குகளில், நியூயார்க் பையன்கள்தான் அதிகமாகவும் சீக்கிரமாகவும் திரும்ப வந்தார்கள். வீடு புகுந்து திருடிய வழக்குகளில் வித்தியாசம் இல்லை.

எல்லா ஆய்வும் ஒரே குரலில் பேசுகிறது என்று நான் சொல்லமாட்டேன். 2010இல் தாமஸ் லாக்ரன் குழுவினர் அரிசோனாப் பையன்களை வைத்துப் பார்த்தபோது, மொத்தமாக எடுத்தால் மாற்றி அனுப்பியதால் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. விளைவு பையனின் குற்ற வரலாற்றைப் பொறுத்து மாறுகிறது, எல்லோரையும் ஒரே கூடையில் போட்டு முடிவு சொல்லாதீர்கள் என்றார்கள். நியாயமான எச்சரிக்கை. 2007இல் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்த, அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் ஆதரவில் இயங்கும் பணிக்குழு, வன்முறையைக் குறைக்கும் நோக்கத்துக்காகச் சிறார்களை மாற்றி அனுப்பாதீர்கள் என்றே பரிந்துரைத்தது. ஆக, மோசமாக்குகிறது என்பதற்குச் சான்று இருக்கிறது, சிலருக்கு வித்தியாசமே இல்லை என்பதற்கும் இருக்கிறது. பொதுவாக நன்மை செய்கிறது என்று சொல்லத்தான் சான்று இல்லை.

பாஸ்கெட்டை என்ன செய்வது?

இங்கே நிறுத்தினால் நான் ஏமாற்றுகிறேன் என்று அர்த்தம். ரெண்டு பேரைக் கொன்ற பையனுக்கு ஐந்து வருடம் போதுமா? அந்த ரெண்டு குடும்பங்களிடம் போய் வயதுக் கோட்டையும் வளைவையும் காட்ட முடியுமா? முடியாது. போதாது என்றுதான் எனக்கும் தோன்றுகிறது.

ஆனால் பாஸ்கெட்டின் கதையை முழுதாகப் படித்தால், 'வாய்ப்பு கொடுத்தாயிற்று' என்ற வாக்கியம் தொண்டையில் நிற்கிறது. ஒன்பது வயதிலிருந்து அவன் அரசின் கையில் இருந்தவன். ஓர் இல்லத்திலிருந்து இன்னொரு இல்லம். ஒன்று இவனைத் தாங்க முடியாமல் அடுத்ததற்கு அனுப்பும், அது அதற்கடுத்ததற்கு. இவன் அப்பாவும் இரட்டைக் கொலைக்காகச் சிறைக்குப் போனவர். வாய்ப்பு என்ற பெயரில் அவனுக்குக் கிடைத்தது இடமாற்றம்தான். அதை மூன்று, நாலு, ஐந்து என்று எண்ணியது சரி. அந்த எண்களில் எத்தனை அவனுடைய தோல்வி, எத்தனை அவனை வளர்த்த ஏற்பாட்டின் தோல்வி என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

இப்படிப்பட்ட பையன்களோடு எதுவுமே வேலை செய்யாது என்பதும் உண்மை இல்லை. விஸ்கான்சினில் மெண்டோட்டா என்ற இடத்தில் 1995 முதல் ஒரு சிகிச்சை மையம் இருக்கிறது. மற்ற சிறார் நிலையங்கள் 'எங்களால் முடியாது' என்று கைவிட்ட, மிகவும் வன்முறையான பையன்களை எடுத்துக்கொள்ளும் இடம். ஊழியர்கள் அதிகம், மனநல மருத்துவம், அன்றாட நடத்தைக்கு அன்றாடப் பலன். செலவு ஜாஸ்தி. ஆனால் அங்கே சிகிச்சை பெற்றவர்கள் மறுபடி வன்முறைக் குற்றத்தில் சிக்கும் வாய்ப்பு, ஒப்பீட்டுக் குழுவைவிட ஏறக்குறைய பாதி என்று ஆய்வுகள் காட்டின.

சட்டத்திலும் நடுவழி உண்டு. மினசோட்டா 1990களில் ஓர் ஏற்பாடு கொண்டுவந்தது. கடுமையான வழக்குகளில் சிறார் நீதிமன்றமே ரெண்டு தண்டனைகளைக் கொடுக்கும்: ஒன்று உடனே நடப்பது, சிறாருக்கானது, 21 வயது வரை நீளக்கூடியது. இன்னொன்று பெரியவர்களுக்கானது, நிறுத்திவைக்கப்பட்டது. விதியை மீறினால் அது உயிர் பெறும். முக்கியமாக, இந்த வகை வழக்கில் பையனுக்கு ஜூரி உரிமை உண்டு. குறையே இல்லாத ஏற்பாடு அல்ல. விதிமீறல் என்ற பெயரில் கிரஹாமுக்கு நடந்ததுபோல இங்கேயும் நடக்கலாம். ஆனால் கந்துவட்டி வேலை இல்லை. என்ன பணயம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள்.

நியூயார்க்கும் மெதுவாகத் திரும்பிப் பார்த்தது. 16, 17 வயதுக்காரர்களைத் தானாகவே பெரியவர்களாக எண்ணிய பழைய வழக்கத்தை மாற்றும் சட்டம் அங்கே 2017இல் வந்து, 2018, 2019இல் நடைமுறையானது. 1978ஆம் வருடச் சட்டத்தை எழுதவைத்த பாஸ்கெட்டோ சிறைக்குள்ளும் ஒரு காவலரைக் குத்தி, பல பத்தாண்டுகள் தனிமைச் சிறையில் இருந்துவிட்டான்.

என் முடிவு இதுதான். பழைய பதிவைப் பார்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. டாக்டர் பழைய மருந்துச் சீட்டைப் பார்ப்பதில்லையா, அந்த மாதிரிப் பார்க்கலாம்: என்ன கொடுத்தோம், ஏன் கேட்கவில்லை, அடுத்து என்ன கொடுப்பது என்று தெரிந்துகொள்ள. ஆனால் 'மூன்றாவது சீட்டு, ஆகவே இவன் நோயாளி இல்லை' என்று முடிவு கட்ட அதைப் பயன்படுத்தினால், அது தப்பு. திரும்பச் செய்தான் என்பது திருத்தும் வேலை நடக்கவில்லை என்பதற்குச் சான்று. வயது கூடிவிட்டது என்பதற்குச் சான்று அல்ல.

இதையெல்லாம் சுருக்கி நண்பனுக்கு ஒருநாள் ராத்திரி சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். "மூணாவது தடவைன்னு ஆபீசர் சொன்னாரே, மூணு தடவை தீர்ப்பு ஆச்சா, இல்ல மூணு தடவை பிடிச்சாங்களா?" என்று கேட்டேன்.

"அது தெரியலடா" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "சரி, நீ சொல்ற மையமெல்லாம் எங்க ஊர்ல இருக்கான்னு தெரியாது. அது வர்ற வரைக்கும் என் கார்?" என்றான்.

சாவியை உள்ளே வைக்காதே என்பதைத் தவிர அவனுக்குச் சொல்ல என்னிடம் அன்று வேறு பதில் இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது அவன் வரி கட்டும் அரசு. சிறார் நிலையத்தில் அந்தப் பையனோடு உட்கார்ந்து வேலை செய்ய ஆள் போடாமல், மூன்று என்று எண்ணிப் பெரியவர்கள் கோர்ட்டுக்கு அனுப்புவது அரசுக்குச் செலவு குறைந்த பதில். என் நண்பனுக்கும் சரி, அந்தப் பையனுக்கும் சரி, அது பதில் இல்லை.